அறுபது நூல் காப்பு

முப்பது வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் நான். போன வாரம் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லில் வழுக்கி விழுந்தேன். விழுந்த இடம் பள்ளிக்கூடம் அல்ல... ஆன்லைன் கடை!

ஆமாம், கடைதான். நானும் கடைக்காரி ஆகிவிட்டேன். சிரிக்காதீர்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்க வேண்டிய டீச்சருக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று என் வீட்டுக்காரரே கேட்டுவிட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். எல்லாம் கலாவால் வந்தது.

கலா எனக்கு அடுத்த வீடு. சிம்பாங் பூலாயில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இருவருக்கும் ஒரே சுவர். ஈப்போவில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் பதினான்கு வருஷமாகக் கேஷியர். நாள் முழுக்க நின்றே வேலை. வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்ததும் என்ன செய்வாள் தெரியுமா? மணி கோர்ப்பாள். ஜிமிக்கி செய்வாள். வளையலுக்குப் பட்டு நூல் சுற்றுவாள். பழைய புடவையை வெட்டிக் கைப்பை தைப்பாள். செய்ததையெல்லாம் சொந்தக்காரர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவாள். என்னிடமே ஐந்து பைகள் இருக்கின்றன.

அதில் ஒன்றை மாட்டிக்கொண்டு இரண்டு மாதத்துக்கு முன் பேங்க் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த சீனப் பெண் நான் நிரப்பிக் கொடுத்த பாரத்தைப் பார்க்கவே இல்லை. பையையே பார்த்தாள். “ஆன்ட்டி, பெலி மானா?” என்றாள். எங்கே வாங்கினீர்கள் என்று மலாயில் கேட்கிறாள். பக்கத்துக் கவுண்டர் மலாய்க்காரப் பெண்ணும் எட்டிப் பார்த்தாள். எனக்கு அங்கேயே கை கால் பரபரத்தது. வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேரே கலா வீட்டுக் கதவைத் தட்டி, ஆன்லைனில் கடை போடலாம் என்றேன்.

அவள் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு மாதம் சம்பளமில்லாத லீவு கேட்டாள். மேனேஜர் கொடுத்தார். கூடவே ஒரு கெடுவும் கொடுத்தார். லீவு முடிகிற திங்கட்கிழமை பதில் சொல்லிவிட வேண்டும். திரும்பி வருகிறாளா, இல்லையா? இல்லை என்றால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்கும். அவள் புருஷன் லோரி ஓட்டுகிறவர். நல்ல மனிதர். “ஒரு மாசம் பாரு, அப்புறம் முடிவு பண்ணு” என்று சொல்லிவிட்டார். பதினான்கு வருஷ வேலையை விடுவதா வேண்டாமா என்பது அந்த ஒரு மாதத்தின் கையில் இருந்தது.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். செய்வது கலா. படம் எடுப்பது, விளக்கம் எழுதுவது, போன் எடுப்பது எல்லாம் நான். தமிழ் டீச்சர் கையில் விளக்கம் எழுதுகிற வேலையைக் கொடுத்தால் சும்மா விடுவேனா? ‘எழில்மிகு செவியணிகள்! கைவினைத் தோள்பைகள்!’ என்று வெளுத்து வாங்கினேன். மூன்று நாள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நான்காவது நாள் தாப்பாவிலிருந்து ஒரு அம்மா கேட்டார்: “செவியணின்னா காது கேக்குற மெஷினுங்களா?”

கலா என் கையிலிருந்து போனை வாங்கினாள். ‘ஜிமிக்கி ரெடி ஸ்டாக். புடவைத் துணி பேக், ஜிப் இருக்கு. வேணும்னா மெசேஜ் போடுங்க லா!’ என்று, எங்கள் ஊர்ப் பேச்சு ‘லா’வையும் சேர்த்துத் தட்டிவிட்டாள். பத்து நிமிஷத்தில் பதினோரு பேர் விசாரித்தார்கள்.

முதல் ஆர்டர் லூமுட்டிலிருந்து ஒரு நர்ஸ் பெண். ஒரு ஜோடி நீல ஜிமிக்கி. அதைப் பெட்டியில் வைத்து, ஒட்டி, பிரித்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மறுபடியும் ஒட்டி... தபால் கவுண்டரில் கொடுத்தபோது இரண்டு பேரும் சேர்ந்து ஒரு செல்ஃபி எடுத்தோம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு குதூகலம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனால் மூன்றாவது வாரத்தில் கலா முகம் சுருங்கிவிட்டது.

“வாரத்துக்கு நாலு ஆர்டரு, அஞ்சு ஆர்டரு... இது பத்தாது டீச்சர். நான் திரும்பிப் போயிடவா?”

கொஞ்சம் பொறு என்றேன். அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும். கெடுவுக்கு எட்டு நாள் பாக்கி.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தேங்காய் திருகிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“ஹலோ, கைவேலைக் கடையோ? உங்கடை பக்கத்தைப் பாத்தன். எல்லாம் நல்ல வடிவாயிருக்கு.”

குரலிலேயே தெரிந்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழ். ஈப்போவில் டாக்டர், வக்கீல், அரசாங்க உத்தியோகம் என்று அந்தக் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. நானும் கலாவும் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். இரண்டு பக்கமும் ஒரே கோயிலில் ஒரே வரிசையில் நிற்போம், பார்த்தால் சிரிப்போம். வீட்டுக்கு வீடு போக்குவரத்து மட்டும் குறைவு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அந்த அம்மா பெயர் ராஜேஸ்வரி. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவராம்.

“எனக்கு நூல் காப்பு வேணும். மஞ்சள் நிறத்திலை அறுபது.”

“அறுபதா!”

“ஓம். பெரிய ஆக்களுக்கு நாப்பது, சின்னப் பிள்ளையளுக்கு இருபது. சனிக்கிழமை காலமை கோயில் மண்டபத்திலை விசேஷம். வாற ஆக்களுக்குக் குடுக்க. ஏலுமோ?”

“ஏலும், ஏலும்!” என்றேன். முடியும் என்பதை அவர் தமிழிலேயே சொல்லிவிட்ட பெருமை வேறு!

என்ன விசேஷம் என்று கேட்டேனா? இல்லை. கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அறுபது என்ற எண் காதில் விழுந்த பிறகு எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. மஞ்சள், நூல், காப்பு, கோயில்... நாலும் சேர்ந்தால் என்ன? நேர்த்திக்கடனுக்குக் கையில் கட்டுகிற மஞ்சள் கயிறு. சந்தேகமே இல்லை. சுவர் அதிரக் கலாவைக் கூப்பிட்டேன்.

“அறுபது பேரு ஒரே நேரத்துல காப்பு கட்டுறாங்களா டீச்சர்?” கலா நம்பவில்லை. “இப்ப எந்தத் திருவிழாவும் இல்லையே... சின்னப் பிள்ளைங்க வேற இருவதா?”

“அவங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க. அவங்க வழக்கம் வேற மாதிரி” என்றேன், ரொம்பத் தெரிந்தவள்போல.

டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். மஞ்சளைக் குழைத்தோம். நூலை முறுக்கி நனைத்து, கொடியில் காயப்போட்டோம். ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு மஞ்சள் துண்டைப் பார்த்துப் பார்த்துக் கட்டினோம். கை மஞ்சள், தரை மஞ்சள், என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை மஞ்சள். புதன்கிழமை மதியம் அறுபதையும் தட்டில் அடுக்கிப் படம் எடுத்து அனுப்பினேன். ‘மங்கலக் காப்புகள் தயார்!!’ என்று ஒரு வரியும் போட்டேன். ஆச்சரியக்குறி இரண்டு.

பதிலுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“தங்கச்சி... இது என்ன? நாங்கள் ஒருத்தரும் நேர்த்தி வைக்கேல்லையே! நான் கேட்டது கையிலை போடுற காப்பெல்லோ. உங்கடை பக்கத்திலை கிடந்துதே, பட்டு நூல் சுத்தி, கல்லு வைச்சது. மகன்ரை கலியாணம். சின்னதாத்தான் செய்யிறம். வாற பொம்பிளையளுக்குக் குடுக்கத்தான் கேட்டனான்.”

வளையல்! அவர்கள் பேச்சில் காப்பு என்றால் வளையல்.

வாழ்நாள் முழுக்க ‘வளைகாப்பு, வளைகாப்பு’ என்று சொல்கிறோம். எத்தனை வளைகாப்புக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறேன்! அந்தச் சொல்லின் பின்பாதி அங்கே என்ன செய்கிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதச் சொல்லி மார்க் போட்டவள் நான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. கலாவின் ஒரே பெரிய ஆர்டரை அதிகப்பிரசங்கித்தனத்தால் கெடுத்துவிட்டேனே!

கலா அந்த மெசேஜை மூன்று தடவை கேட்டாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். “நேர்த்தி வைக்கேல்லையாம் டீச்சர்!” என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவள், நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன்.

“பதட்டப்படாதேயுங்கோ. ஆறுதலாச் செய்யுங்கோ. சனிக்கிழமை ஒன்பது மணிக்குள்ளை வந்தால் காணும்” என்றார்.

“பாவம், நமக்கு ஆறுதல் சொல்றாங்க” என்றேன் கலாவிடம்.

“ஐயோ டீச்சர், ஆறுதலான்னா மெதுவா, அவசரப்படாமன்னு அர்த்தம். பதினாலு வருஷம் கவுண்டர்ல நின்னவ நான். ‘ஆறுதலா எடும் பிள்ளை’ன்னு எத்தனை பேரு சொல்லியிருக்காங்க!”

“அப்போ காப்புன்னா என்னன்னு தெரியாதா உனக்கு?”

“எங்க ஸ்டோர்ல காப்பு விக்கிறதில்லையே!”

கலா எழுந்து போய்ப் பெட்டிகளைத் திறந்து எண்ணினாள். நூல் சுற்ற வெறும் வளையல் கையிருப்பில் இருபதுகூட இல்லை. சின்னப் பிள்ளைகள் அளவில் ஒன்றுமே இல்லை. என் வீட்டுக்காரர் காரை எடுத்தார். ஈப்போவில் மூன்று கடை ஏறி இறங்கி வளையலும் பட்டு நூலும் வாங்கினோம்.

நூல் வளையல் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? நாற்காலி முதுகில் பட்டு நூலை இருபத்தைந்து சுற்றுச் சுற்றி, ஒரே அளவாக வெட்டிக்கொள்ள வேண்டும். முனையைப் பசையால் வளையலில் ஒட்டி, அந்த நூல் கற்றையை இடைவெளி விழாமல் சுற்றிக்கொண்டே போக வேண்டும். கற்றை முறுக்கிக்கொண்டால் போச்சு, வழவழப்புப் போய்விடும். கடைசியில் நடுவில் கல் சரம். நான் ஒன்று சுற்றினேன். கலா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“டீச்சர், நீங்க நூல் வெட்டுங்க போதும்.”

வீட்டுக்காரர் மட்டும் புருவ மயிர் பிடுங்குகிற இடுக்கியை எடுத்துக்கொண்டு கல் ஒட்ட உட்கார்ந்தார். கோடு போட்டதுபோல ஒட்டுகிறார், மனிதர்! முப்பத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் இந்தத் திறமையை எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ. வியாழன் முழுக்க மூன்று பேரும் என் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கடையில் வாங்கிய மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு... எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? தப்பு செய்தவள் நான். ஆனால் அந்த மேசையை விட்டு எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அறுபதாவது வளையல் முடிந்தது. கடைசி மூன்றுக்கு மஞ்சள் பட்டு நூல் போதவில்லை. கலா நடுவில் ஆரஞ்சுப் பட்டை போட்டுச் சமாளித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் கடைப் பக்கத்தில் புது வரி ஒன்றைத் தட்டினாள்: ‘நூல் வளையல், நூல் காப்பு ரெண்டும் ஒண்ணுதான். கையில போடுறது லா, கட்டுறது இல்ல!’ இலக்கணம் பார்க்கவில்லை நான்.

அந்த மஞ்சள் கயிறுகளைப் பக்கத்துக் கோயில் பூசாரியிடம் கொடுத்தேன். “அறுபதா? எதுக்கும்மா?” என்றார். கேட்காதீர்கள் என்றேன்.

சனிக்கிழமை எட்டரைக்கெல்லாம் மண்டபத்தில் இருந்தோம். கொடுத்துவிட்டு ஓடிவிடுவதாகத்தான் திட்டம். ராஜேஸ்வரி அம்மா விட்டால்தானே! பெட்டியைத் திறந்து, ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கலா பெட்டி மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

“எவ்வளவு வடிவு!” என்றார். “உள்ளுக்கு வாங்கோ. சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்.”

உள்ளே போனோம். தட்டு கை மாறியது. கண் முன்னால் அறுபது கைகள் மஞ்சளாகின. அந்த ஆரஞ்சுப் பட்டை மூன்றுக்காகச் சின்னப் பெண்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. கலா என் முழங்கையைப் பிடித்து அழுத்திய அழுத்தில் எனக்கு வலித்தது. அவள் அழுத்துகிறாள் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

எங்களுக்கு எதிரே பந்தியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா தன் கையையும் கலாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பிள்ளை, உம்மை எங்கேயோ கண்டிருக்கிறன். எங்கை வேலை செய்யிறீர்?”

சூப்பர்மார்க்கெட்டில் பார்த்திருப்பார். எனக்குத் தெரிந்துவிட்டது, கலாவுக்கும் தெரிந்துவிட்டது. அவள் இலையைப் பார்த்தாள். அந்த அம்மாவின் கையைப் பார்த்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வீட்டுலதாங்க. நான் காப்பு செய்யுறேன்.”

மேனேஜர் திங்கட்கிழமை கேட்கப்போகிற பதிலை நான் சனிக்கிழமையே கேட்டுவிட்டேன்.