டீ கப்பில் மிச்சம் வைத்த எபாக்ஸி

குளியலறையில் துண்டு போடும் கம்பி மறுபடியும் சுவரை விட்டுக் கழன்றுவிட்டது. ஆளைக் கூப்பிடு என்றாள் மனைவி. நான் கேட்பேனா? எபாக்ஸி பசை டியூப் இரண்டையும் பிதுக்கி ஒரு குச்சியால் குழைத்தேன். கருவாட்டுக் கடையில் யாரோ பினாயிலைக் கொட்டிய மாதிரி ஒரு வாடை வருமே, அதேதான். அது மூக்கில் ஏறினால் நான் திருமுல்லைவாயில் வீட்டில் இருப்பதில்லை, மண்ணூர்பேட்டை ஷெட்டுக்குப் போய்விடுகிறேன்.

மேரியக்காவின் ஷெட் அது. வாரம் முழுக்க இரும்புக் கேட்டும் கிரில்லும் வெல்டிங் செய்வார், மிஞ்சிய நேரத்தில் ஒரு ரேஸ் கார். சிரிக்காதீர்கள், அக்கம்பக்கத்தார் போதுமான அளவு சிரித்துவிட்டார்கள். ஓட்டப்போகிறவன் சேக்காட்டு டில்லி, என் சிநேகிதன், பகலில் கம்பெனி வேன் டிரைவர். எனக்கோ லேத்தும் வராது, வெல்டிங்கும் வராது. அதனால் எபாக்ஸி கலக்கும் வேலை. சட்னிக்கு உப்புப் போடத் தெரியாதவன் கையில் டில்லியின் உயிர்!

உயிர் என்று சும்மா சொல்லவில்லை. அவன் உட்காரும் சீட்டைத் தாங்குவது நான்கு போல்ட். வண்டியின் தரை ஃபைபர் பலகை, போல்ட்டை நேராக முடுக்கினால் நொறுங்கும். துளையைப் பெரிதாக்கி, எபாக்ஸியை நிரப்பி, அதற்குள் போல்ட்டை நிறுத்த வேண்டும். அது இறுகாமல் வளைவில் சீட் ஆடினால், டில்லியின் கால் பிரேக்கைத் தேடிக்கொண்டிருக்கும். எனவே ஷெட்டில் ஒரு வழக்கம். கலக்கியதில் மிச்சத்தை டீ கப்பில் ஊற்றி, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வைப்போம். கப்பில் இருப்பதில் நகம் பதிந்தால் ஒட்டியதும் இறுகவில்லை என்று அர்த்தம், வண்டி வெளியே போகாது. அக்காவின் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்கு அப்பால் பந்தயம், டில்லிக்கு முதல் பந்தயம். வாரமெல்லாம் மழை. ஈரக் குளிரில் எபாக்ஸி ஒரு சோம்பேறி, அதனால் போல்ட்டுகளுக்கு மேலே குண்டு பல்பு எரியவிட்டிருந்தோம். சனிக்கிழமை காலையில் கப்பை அழுத்திப் பார்த்தேன். நகம் பதிந்தது.

“இன்னா மாமே, கொயகொயன்னு கீது?” டில்லியின் முகம் செத்துவிட்டது.

அக்கா கப்பைப் பார்க்கவில்லை, அது இருந்த இடத்தைப் பார்த்தார். “கப்பு ஏன்டா மாதா படத்தாண்ட கீது? பல்பாண்டதானே வெச்சோம்?”

டில்லி தலையைச் சொறிந்தான். “நாந்தான்க்கா வெச்சேன். மாதா பாத்துக்குவாங்கன்னு...”

மாதா இருந்தது சாரலடிக்கும் ஜன்னலோரம். கப்புக்கு மட்டும் பல்பின் சூடு கிடைக்கவில்லை. காரணம் தெரிந்தும் என் பயம் போகவில்லை. போல்ட் இறுகியதா இல்லையா, அதை யார் சொல்வது?

“பேசிகினு கீறதுல இன்னா கீது? வண்டியத் தூக்கிப் பாத்துடலாம்” என்றார் அக்கா.

சீட்டைக் கழற்றி, நான்கு போல்ட்டிலும் சங்கிலி மாட்டி, உத்தரத்தில் தொங்கிய செயின் பிளாக்கை இழுத்தோம். நான்கு சக்கரமும் தரையை விட்டன. முழு வண்டியும் நான் கலக்கியதில் தொங்கிக்கொண்டிருந்தது. டில்லி சும்மா இருப்பானா, “நாளிக்கு ஏறப்போறது நாந்தானே” என்று உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டான். சங்கிலி முனகியது. போல்ட் முனகவில்லை.

மறுநாள் அவன் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றியதும், “சீட்டு ஆடவே இல்ல மாமே!” என்று கத்திக்கொண்டு என்னைத் தூக்கினான். முதலாவதாக வந்து கப் வாங்கியவன்கூட அப்படிக் கத்தவில்லை. நான் அழுதுவிட்டேன்.

ஷெட் இப்போது பார்சல் கிடங்கு. காரைப் பிரித்து வாங்கியவர் அந்த நான்கு போல்ட்டையும் பிடுங்க முடியாமல் பலகையை அறுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஆவடியில் அக்கா வீட்டுச் சுவரில் அந்தப் பலகைத் துண்டு இருக்கிறது, பை மாட்டுவதற்கு. குண்டு பல்பு கேட்டால் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். ஒரு டீ கப்பைச் சுற்றி மூன்று பேர் மூச்சைப் பிடித்து நின்ற அந்தக் காலை இனி எங்கே வரப்போகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வாரம் டில்லி போன் செய்தான். அவன் மகள் சின்ன ரேஸ் கார் ஓட்டப் பழகுகிறாளாம். “சீட்டு மாட்டணும் மாமே. கலக்க நீ வர்றியா?”

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கப்பை மட்டும் நீ தொடாதே, நானே பிடித்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.