திரும்பாத ஆண்டெனா காப்பாற்றிய விரல்

இண்டூரில் எங்கள் வீட்டு மாடியில் வெளியூர் நண்பர்களோடு பேச நான் வைத்திருக்கும் ஹாம் ரேடியோவின் ஆண்டெனா நிற்கிறது. யார் கூப்பிடுகிறார்களோ அந்தத் திசைக்கு அதைத் திருப்ப, அடியில் ஒரு மோட்டார் பெட்டி உண்டு. கீழே அறையில் பட்டனை அழுத்த வேண்டும். நான் தோட்டத்தில் இருந்தால் மனைவியே அழுத்திவிடுவாள்.

சென்ற மழைக்குப் பிறகு ஆண்டெனா திரும்புவது நின்றுவிட்டது. அவளிடம் சொல்லாமலே மாடிக்குப் போய் மூடியைக் கழற்றினேன். தண்ணீர் புகுந்து பேரிங் குண்டுகள் துருவேறி இறுகியிருந்தன. துருவைத் திட்டிக்கொண்டே, பல்சக்கரங்களுக்கு நடுவே விரலை விட்டுப் பழைய கிரீஸை வழித்தேன். திடீரென்று மோட்டார் உறுமியது. சக்கரம் அசையவில்லை, அதிர்வு மட்டும் விரலில் ஏறியது.

என்னைத் தேடி வாசலுக்கு வந்த மனைவி மேலே பார்த்தாள்.

“ஏனுங்க, பாலக்கோட்டுக்காரரு ரேடியோவுல கூப்புடறாரு. பட்டனை அமுக்குறேன், திரும்பவே மாட்டேங்குதுங்க.”

“திரும்பாததாலதான் எனக்கு வெரலு இருக்குது” என்றேன்.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வர வெகுநேரம் ஆயிற்று.

புதுக் குண்டுகள் போட்டு, தண்ணீர் புகாதபடி மூடியை அடைத்தேன். இப்போது தொட்டாலே சுற்றுகிறது. இனி என்னைக் காப்பாற்றத் துரு இல்லை. அதனால் மேலே ஏறும்போதெல்லாம், கீழே பட்டன் பெட்டிக்குக் கரண்ட் போகிற ஒயரைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறேன்.