எபுங்காவின் தேன்மரம்

எபுங்காவுக்கு மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறந்ததிலிருந்தே கண் அப்படித்தான். கை நீட்டினால் எட்டுகிற தூரம் வரைக்கும் எறும்பின் காலைக்கூட எண்ணிவிடுவாள். அதற்கு அப்பால் காடு முழுவதும் கரைத்து ஊற்றிய பச்சைதான். மற்றவர்கள் அண்ணாந்து "அதோ குரங்கு, அதோ கிளி" என்று கத்தும்போது சிறுமியாக இருந்த காலத்தில் அவளும் அண்ணாந்து "ஆமா, ஆமா" என்று தலையாட்டுவாள். வயசுக்கு வந்ததும் அந்தப் பொய்யை விட்டுவிட்டாள்.

"எனக்குத் தெரியல. நீங்களே பாத்துச் சந்தோஷப்படுங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொள்வாள்.

குனிந்துவிட்டால் அவளை மிஞ்ச, காட்டுக்குள் இலைக்குடிசை போட்டு வாழ்ந்த அந்த முகாமில் ஆள் கிடையாது. சருகுக்கு அடியில் நூலாக ஓடுகிற காட்டுவள்ளிக் கொடியை விரலால் தடவிக்கொண்டே போய்க் கிழங்கின் தலைமேல் நிற்பாள். மழை குறைந்து ஓடை இளைக்கிற நாட்களில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அணை கட்டுவார்கள். குச்சி நட்டு, அகல இலையும் சேறும் அப்பித் தண்ணீரை மறித்து, உள்ளே தேங்கியதை இறைத்துக் கொட்டினால் மீன் எல்லாம் கரையோரப் பொந்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். தோள்வரை கையை விட்டுக் கெளுத்தியை இழுத்துப் போடுகிறவள் எபுங்கா. பொந்துக்குள் இருப்பது மீனா பாம்பா என்று விரல் நுனி சொல்லிவிடும். ஒருமுறைகூட விரல் பொய் சொன்னதில்லை. இரண்டு முறை நண்டு கடித்திருக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. நண்டு கணக்கில் சேராது.

புருஷன் எண்டெம்போ இருந்தவரைக்கும் மேலே பார்க்கிற வேலை அவனுடையது.

"எபுங்கா, உன் தலைக்கு மேல ஒரு செங்குரங்கு உன்னையே பாத்துக்கிட்டு இருக்கு. கட்டிக்க ஆசைப்படுது போல."

"என்னைக் கேக்காத. உன்னைவிட நல்லாத் தேன் எடுக்குமான்னு அதைக் கேட்டுச் சொல்லு."

இப்படியே பதினெட்டு வருஷம் நடந்தார்கள். அப்புறம் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அவன் போய்விட்டான்.

அவள் பட்டினி கிடக்கவில்லை. அந்தக் காட்டில் ஒரு அடுப்பில் கறி வெந்தால் எல்லா அடுப்புக்கும் போகும். ஆனால் தேனுக்கு ஒரு முறை உண்டு. மரத்தை முதலில் கண்டு அடையாளம் வைத்தவருக்கே அந்த மரம். ஏறுகிறவர் யாராக இருந்தாலும் சரி, கூடை கீழே வந்ததும் பங்கு பிரிக்கிற கை கண்டவருடைய கைதான். எண்டெம்போ வருஷத்துக்கு நான்கு மரம் காண்பான். இலையை விரித்து வைத்து எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தவள் எபுங்கா. அவன் போன பிறகு ஆறு தேன்காலம், இலையை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றாள். யாரும் குறைத்துக் கொடுக்கவில்லை. இருந்தாலும் இன்னொருத்தி எடுத்து வைப்பதை நின்று வாங்குவது அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. செத்துப்போவதற்குள் ஒரு மரமாவது தன் பேரில் காண வேண்டும், தன் கையால் பிரிக்க வேண்டும். இதுதான் அவளுடைய ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். மேலே பார்க்கத் தெரியாதவள் தேன்மரம் காண்பாளாம்!

அந்த வருஷம் சின்ன ஓடையில் அணை கட்டிய அன்று, இறைத்து ஓய்ந்து கரையில் உட்கார்ந்தாள். யானை மிதித்த குழிகளில் உப்புச் சேறு ஊறிக் கிடந்தது. அதில் தேனீக்கள் வந்து தண்ணீர் குடித்தன. எல்லோரும் பார்க்கிற காட்சிதான். எபுங்கா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். குடித்துவிட்டு எழும்பும் ரீங்காரம் ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

அந்தப் பக்கமாகக் குனிந்தபடியே நடந்தாள். அகல இலைகளின் மேல் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. பறக்கும்போது தேனீ கழித்துவிட்டுப் போன எச்சம். முதலில் இலைக்கு ஒன்று, பிறகு நான்கு, பிறகு எண்ண முடியாதபடி. சருகின்மேல் செத்த தேனீக்கள் கிடந்தன. கடைசியில் நெற்றி போய் ஒரு மரத்தில் இடித்தது. நான்கு பேர் கைகோத்தாலும் அடங்காத சப்பெல்லி மரம். ஒரு பக்கம் அத்திவேர் ஏறிப் பின்னிக் கிடந்தது. பட்டையில் காதை வைத்தாள். உள்ளே ஒரு ஊரே பேசிக்கொண்டிருந்தது.

மரத்தடியில் முளைத்திருந்த மூன்று இளங்கன்றுகளை வளைத்து ஒடித்து, தலைகளைச் சேர்த்து இலையால் முடிச்சுப் போட்டாள். அதுதான் அடையாளம். தேன் முற்றுவதற்கு இன்னும் இரண்டு நிலவு இருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டாள். இரண்டு நிலவும் வாயை மூடிக்கொண்டிருந்தது அவள் வாழ்க்கையிலேயே பெரிய சாதனை என்று தோழி மசூக்கா பின்னால் சொன்னாள்.

காலம் வந்ததும் முகாமில் நின்று அறிவித்தாள். "என்கிட்ட ஒரு மரம் இருக்கு. நாளைக்கு எல்லாரும் கூடையோட வாங்க."

மறுநாள் காலையில் முகாமே கிளம்பியது. போய்ப் பார்த்தால் யானைக் கூட்டம் அந்த வழியாக வந்து போயிருந்தது. இளங்கன்று, முடிச்சு எல்லாம் சேற்றோடு சேறு. மரத்தில் மட்டும் நெஞ்சு உயரத்துக்கு மூன்று கோடாலி வெட்டு இருந்தது. எண்டெம்போவின் தம்பி மொபிலாவின் வெட்டு அது. அவனைப் போல மரம் ஏறுகிறவன் முகாமிலேயே இல்லை.

"அண்ணி, இது என் மரம். ஒரு நிலவுக்கு முன்னாடியே வெட்டு வச்சாச்சு" என்றான்.

"நான் ரெண்டு நிலவுக்கு முன்னாடி முடிச்சுப் போட்டேன்."

"எங்க முடிச்சு?"

"யானை கால்ல போயிடுச்சு."

"யானையைச் சாட்சிக்குக் கூப்பிடுங்க, வருதான்னு பாப்போம்." சிலர் சிரித்தார்கள். அவனுக்கு அது தலைக்கு ஏறிவிட்டது. "அண்ணி, உங்க மூக்கு மேல கிளி உக்காந்தாலே அது என்ன நிறம்னு கேட்டுத்தான் தெரிஞ்சுக்குவீங்க. நீங்க எங்க தேன்கூட்டைப் பாத்தீங்க?"

"பாத்தேன்னு யாரு சொன்னா? கேட்டேன்."

"கேட்டாங்களாம்! தேனீ பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சா?"

மசூக்கா பாய்ந்தாள். "டேய், உங்கண்ணன் இருந்திருந்தா உன் பல்லை எண்ணிக் கையில குடுத்திருப்பான்!"

எபுங்கா அவளைக் கையால் தடுத்தாள். அடையாளம் இல்லை, சாட்சி இல்லை. இன்றைக்கு விட்டால் ஏழாவது வருஷமும் இலையை ஏந்த வேண்டியதுதான். ஆனால் அவள் அழவில்லை. மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பட்டையில் காதை வைத்தாள், விரல் முட்டியால் தட்டினாள், மறுபடி வைத்தாள்.

"கொழுந்தனாரே, கண்டவருக்குத் தேனீ போற வாசல் தெரியும். உங்க வாசல் எங்க?"

மொபிலா உயரே, முதல் கிளை பிரிகிற கவட்டையைக் காட்டினான். "அந்தப் பொந்து. இங்கருந்தே தெரியுது, கண்ணு இருக்கிறவங்களுக்கு."

"என் வாசல் இந்தப் பக்கம். அத்திவேர் முறுக்கிக்கிட்டுப் போகுதே, அதுக்குப் பின்னால. அஞ்சு ஆள் உயரம். அதுக்கு மேல மரம் ஊமை."

எல்லோரும் பார்த்தார்கள். அத்தியின் இலை அடைத்துக்கொண்டிருந்ததால் அங்கே ஒன்றும் தெரியவில்லை. கவட்டையில் பொந்து நன்றாகத் தெரிந்தது. அதைச் சுற்றிப் பூச்சிகளும் பறந்தன.

முகாமின் மூத்தவர் பொசெங்கே புகையிலையைத் துப்பினார். "வாய் எதுக்கு வலிக்கணும்? ஏறுடா. யார் வாசல்ல தேன் இருக்கோ அவங்க மரம்."

மொபிலா கொடி வளையத்தை மரத்தையும் இடுப்பையும் சேர்த்து மாட்டிக்கொண்டு ஏறினான். அவன் ஏறுகிற அழகைக் குறை சொல்ல முடியாது. வளையத்தைத் தூக்கி எறிவான், கால் பதிப்பான், அதற்குள் இன்னும் ஒரு ஆள் உயரம் போயிருப்பான். எபுங்காவுக்கு அவன் சீக்கிரமே பச்சையில் கரைந்துவிட்டான். மசூக்காதான் பக்கத்தில் நின்று சொன்னாள்.

"போறான். கவட்டைக்குப் போயிட்டான். நம்மளைப் பாத்துக் கை ஆட்டுறான், திமிரு. பொந்து வாய்ல மண்ணு பூசியிருக்கு. சின்னதா ஒரு கீறல்தான் இருக்கு. ஏடி, முகத்தைக் கிட்டக் கொண்டுபோயி உள்ள எட்டிப் பாக்குறான்..."

மேலே அலறல் கேட்டது.

அது இருவாச்சிப் பறவையின் வீடு. பெண் இருவாச்சி உள்ளே போய் மண்ணால் வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஆண் கீறல் வழியாகப் பழம் கொடுக்கும். சிந்திய பழத்துக்குத்தான் அத்தனை பூச்சி. பழம் வந்தது என்று நினைத்தாளோ திருடன் வந்தான் என்று நினைத்தாளோ, உள்ளே இருந்தவள் நீட்டிய அலகு மொபிலாவின் மூக்கில் சரியாக விழுந்தது. அந்த நேரம் பார்த்துப் புருஷன்காரனும் பழத்தோடு வந்துவிட்டான். இருவாச்சி பறந்தால் காட்டையே யாரோ கிழிக்கிற மாதிரி சத்தம் வரும். மொபிலா பிடியை விட்டான். வளையம் பிடித்துக்கொண்டது. அவன் பட்டையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு, சுற்றிச் சுழன்று, மறுபக்கமாகச் சரசரவென்று இறங்கினான். அத்திவேரைக் கண்டதும் கெட்டியாகக் கட்டிக்கொண்டான். அஞ்சு ஆள் உயரம்.

பிறகு காடே கேட்கும்படி ஒரு குரல்.

"ஐயோ, தேனீ! இங்கதான் இருக்கு! அண்ணி, உங்க வாசல்! உங்க வாசல்ல கையை வச்சுட்டேன்!"

கீழே நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் பொசெங்கே சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். எபுங்கா சிரிக்கவில்லை. மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு "கேட்டீங்களா? அவன் வாயாலேயே சொல்றான், கேட்டீங்களா?" என்று ஒவ்வொருத்தரிடமும் கேட்டாள்.

அவன் தரையைத் தொட்டபோது ஒரு கண் மூடியிருந்தது, மூக்கு வாழைப்பூ போல இருந்தது. அதற்குள் மசூக்கா நடுவில் வந்துவிட்டாள். யாராவது கோணல் செய்தால் பெண்கள் அதை நடித்துக் காட்டுவார்கள். செய்தவன் தானே சிரிக்கிறவரைக்கும் விடமாட்டார்கள். மசூக்கா கொடியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, காற்றிலே ஏறி, கையாட்டி, பொந்துக்குள் எட்டிப் பார்த்து, "அம்மணி, வீட்ல தேன் இருக்குங்களா?" என்று இருவாச்சியிடம் பணிவாகக் கேட்டாள். அப்புறம் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுந்து புரண்டாள். மூன்றாவது முறை புரண்டபோது மொபிலாவின் வீங்கிய உதடு விரிந்தது. வலியோடு சிரித்தான்.

சிரித்து முடித்துத் தலையைக் குனிந்துகொண்டான். "முடிச்சைப் பாத்தேன் அண்ணி. யானை வர்றதுக்கு முன்னாடியே பாத்தேன். யாரோ பொம்பள சும்மா போட்டுட்டுப் போயிருக்கான்னு வெட்டு வச்சுட்டேன்."

"சும்மாதான் போட்டேன்" என்றாள் எபுங்கா. "தணலை எடுத்துக்கிட்டு ஏறுங்க. இன்னொரு கண்ணு மூடுறதுக்குள்ள."

அவன் மறுபடி ஏறினான். ஈர இலையில் தணலைப் பொதிந்து புகையை ஊதி, கோடாலியால் வாசலை விரித்தான். கொடியில் கட்டிய கூடை இறங்கியது. முதல் கூடை, இரண்டாவது, மூன்றாவது... எட்டுக் கூடை. அவ்வளவு தேன் ஒரே மரத்தில் வந்ததை அங்கே இருந்த யாரும் பார்த்ததில்லை. பத்து என்றுகூடச் சொல்கிறார்கள். எட்டுதான்.

எபுங்கா இலைகளை விரித்து உட்கார்ந்தாள். தேனடையைப் பிட்டு ஒவ்வொரு இலையிலும் வைத்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பெரிய துண்டு, பல் இல்லாதவர்களுக்கு மெழுகு இல்லாத தேன், ஏறினவனுக்கு ஏறினவன் பங்கு. மொபிலாவின் இலையில் கூடுதலாக ஒரு துண்டு வைத்து, "மூக்குக்கு" என்றாள். எல்லோரும் அவள் முன்னால் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். கைகளைத்தான் அவளால் பார்க்க முடிந்தது. கை நீட்டுகிற தூரத்தில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது.

அடுத்த தேன்காலம் தொடங்கியபோது மொபிலா அவள் குடிசை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, மேற்கால ஒரு மரம் சந்தேகமா இருக்கு. வந்து கொஞ்சம் காது வைக்கிறீங்களா?"

"வைக்கிறேன். காது வச்சா மரம் யாருது?"

அவன் தலையைச் சொறிந்தான். "உங்களுது."

"நடங்க" என்றாள்.