சுகிர்தம் தேய்த்த மைக்கா

மைக்கா உள்ள பாறை வந்துவிட்டால் ஆய்வுகூடத்தில் மற்ற இரண்டு பேரும் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவார்கள். கண்ணாடித் தகட்டில் ஒட்டிய பாறைச் சீவலைத் தேய்த்துத் தேய்த்து, தலைமயிரில் பாதிக் கனத்துக்கும் கீழே கொண்டுவர வேண்டும். அப்போதுதான் நுணுக்குக்காட்டியின் வெளிச்சம் அதற்குள் புகும். மற்றக் கனிமங்கள் அதுவரை தாக்குப்பிடிக்கும். மைக்கா தாங்காது. ஏடு ஏடாகக் கழன்று தண்ணீரோடு போய்விடும். ஸ்லைட்டில் ஓட்டைதான் மிஞ்சும். சுகிர்தத்தின் கையில் மட்டும் அது போகாது. பிசினை ஊற்றி இறுக வைப்பாள். கடைசித் தேய்ப்பை இயந்திரத்தை நம்பி விடாமல், கண்ணாடிப் பலகையில் நுண்பொடி தூவி, விரல் நுனியாலேயே முடிப்பாள். பதினாறு வருடமாக அதே வேலை. அவளுடைய விரல்களில் ரேகை அழிந்துபோய், அடையாள அட்டை புதுப்பிக்கப் போன இடத்தில் இயந்திரம் ஏற்க மறுத்தது.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் மலையில் வேலை செய்தவர்கள். இருவரும் இப்போது இல்லை. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தாள். பல்கலைக்கழகத்துக்கு மயிரிழையில் தவறியது. ஒரு தொழில்நுட்பப் பயிற்சியை முடித்துக்கொண்டு கண்டிக்குப் பக்கத்தில் இந்த ஆய்வுகூடத்தில் சேர்ந்தாள். நிரந்தரம் கிடையாது, ஒவ்வொரு டிசம்பரிலும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அண்ணன் இக்னேசியசும் அண்ணி அனோஜாவும் இருந்தார்கள். அண்ணன் தோட்டத்தில் வேலை; மிச்ச நேரத்தில் லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு மரக்கறித் தோட்டம், ஒரு பால்மாடு.

மூன்று வருடத்துக்கு முன் பாஸ்குப் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அனோஜா சலித்துக்கொண்டாள். மழையில் பின்பக்கத்து மண்மேடு சரிந்து, புதிதாக ஒரு பாறை வெளியே தெரிந்தது. தட்டையாக இருந்ததால் துணி துவைக்க வசதி என்று நினைத்தாளாம்.

"அதுல துணிய வச்சாலே கரி மாதிரி ஒட்டிக்கிது, சுகிர்தம். எத்தன சவுக்காரம் போட்டாலும் போக மாட்டேங்குது. பாரு, ஒங்க அண்ணனோட வெள்ளச் சட்டய."

சட்டையைப் பார்த்த சுகிர்தம் அதைக் கீழே வைக்கவில்லை. கறையை விரலால் தேய்த்தாள். நைந்த புகைக்கரி போலிருந்தது. அண்ணனிடம் சுத்தியல் கேட்டாள்.

"கோயிலுக்குப் போற நேரத்துல கல்லு ஒடைக்கிறியா?" என்று சிரித்தான் இக்னேசியஸ். ஆனாலும் எடுத்துக்கொடுத்தான்.

கறுப்பு வெறும் தோல். விரற்கடை ஆழம்கூட இல்லை. உள்ளே பாறை பளபளவென்று, செம்பு கலந்த பழுப்பு நிறத்தில், ஏடு ஏடாக மின்னியது. ஓர் ஏட்டை நகத்தால் உரித்தாள். வளைத்தாள். விட்டதும் துள்ளி நிமிர்ந்தது. வளைத்தபடியே கிடந்தால் அது குளோரைட் என்ற வேறு கனிமம். முறிந்தால் நொறுங்கு மைக்கா. இது துள்ளியது, சரியான மைக்கா. ஆனால் இந்த நிறத்தில், இப்படிக் கரி பூசிக்கொண்டு நிற்கும் மைக்காவை அவள் அதுவரை தேய்த்ததில்லை.

கைப்பை நிறையக் கல்லோடு கண்டிக்குத் திரும்பினாள். ஆய்வுகூடத்தின் முதலுதவிப் பெட்டியில் காயம் கழுவும் ஹைட்ரஜன் பெரொக்சைட் இருந்தது. கறுப்புத் தோலில் ஒரு சொட்டு விட்டாள். சோடாவைத் திறந்ததுபோலப் பொங்கியது. மங்கனீசு. மழையும் காற்றும் கல்லுக்குள்ளிருந்து மங்கனீசைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துக் கறுப்பாகப் பூசியிருக்கின்றன. அப்படியானால் உள்ளே மைக்காவிலும் மங்கனீசு இருக்க வேண்டும்.

வேலை முடிந்த பின் அரைமணி அரைமணியாக ஒதுக்கி ஒரு ஸ்லைட் செய்தாள். நுணுக்குக்காட்டியில் வைத்து மேடையைத் திருப்பினாள். ஏடுகள் வெளிறிய மஞ்சளிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறின. திருப்பத் திருப்ப மஞ்சள், செங்கல், மஞ்சள். அடுத்த அறையில் யாரோ கதவைப் பூட்டிவிட்டுப் போகும் சத்தம்கூட அவளுக்குக் கேட்கவில்லை. அலுமாரியின் அடித்தட்டிலிருந்த பழைய புத்தகத்தில் பெயரும் கிடைத்தது: மங்கனோபிலைட். அந்தச் சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஸ்லைட்டோடு வைத்தாள். தன் வாழ்க்கையில் யாரும் சொல்லித்தராமல், யாரும் கேட்காமல் அவளாகவே தெரிந்துகொண்ட முதல் விஷயம் அது.

மறுநாள் கலாநிதி ஜூட்சனிடம் காட்டினாள். ஜூட்சன் ஆய்வுகூடத்தின் பொறுப்பாளர். டிக்கோயாப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆசிரியரின் மகன். ஆய்வுகூடத்தில் ஆங்கிலமும் சிங்களமும்தான் பேசுவார். கதவு சாத்தியிருந்தால் மட்டும் தமிழ். அன்று கதவைச் சாத்தினார்.

"எங்க எடுத்தீங்க இத?"

சொன்னாள். அண்ணனுடைய தோட்டம், மண்மேடு, துணியில் ஒட்டிய கறை, பெரொக்சைட் எல்லாவற்றையும் சொன்னாள். ஜூட்சன் நெடுநேரம் கண்ணை எடுக்காமல் ஸ்லைட்டைப் பார்த்தார்.

"நல்ல ஸ்லைட். என்கிட்டயே இருக்கட்டும். ஜேர்மனியில எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார், அனுப்பிப் பாப்போம்."

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. ஜூட்சன் அவளைக் கூப்பிட்டு விளக்கினார். மைக்கா என்பது அடுக்குச் சிலிக்கேட். இரண்டு சிலிக்காத் தகடுகள். அவற்றுக்கு நடுவே உலோகங்கள் உட்காரும் ஒரு தகடு. இது ஒரு கட்டு. கட்டுக்கும் கட்டுக்கும் இடையில் பொற்றாசியம் மெல்லிய பசையாக நிற்கிறது. பசை பலமில்லாததால்தான் ஏடு பிரிகிறது. நடுத் தகட்டில் ஓர் அலகுக்கு மூன்று இருக்கைகள். இரண்டில் மட்டும் ஆள் இருந்தால் வெள்ளை மைக்காவின் கூட்டம். மூன்றும் நிறைந்தால் பழுப்பும் கறுப்புமானவற்றின் கூட்டம். இவை சுகிர்தத்துக்கும் தெரியும். தெரியாதது அடுத்தது.

"அந்த இருக்கையில யாரு அதிகமோ அவங்க பேருலதான் கனிமம். ஒங்க கல்லுல நூறு இருக்கைக்குப் பதினெட்டுத்தான் மங்கனீசு. அறுபதுக்கு மேல மகனீசியம். ஆக, இது பிளோகோபைட். மங்கனீசு கொண்ட பிளோகோபைட்னு சொல்லலாம், அவ்வளவுதான். நீங்க எழுதிவச்ச பேர எடுத்து வருஷக்கணக்காச்சு, சுகிர்தம். அப்பிடி ஒரு இனமே இல்லன்னு சர்வதேசக் குழு முடிவு பண்ணிடுச்சு."

"பேர் இல்லாட்டியும் கல்லு இருக்கு தானே சேர்," என்றாள் சுகிர்தம்.

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அன்று அவளுக்கு வருத்தமொன்றும் பெரிதாக இல்லை. தன் கல்லுக்கு இவ்வளவு தூரம் கணக்குப் பார்த்திருக்கிறார்களே என்ற பூரிப்புத்தான் இருந்தது.

அதற்கடுத்த மாதம் இக்னேசியஸ் தொலைபேசியில் கூப்பிட்டான். "ஒங்க ஆய்வுகூடத்து தொர ஒருத்தரு ஜீப்புல வந்தாரு தங்கச்சி. துப்பாக்கி மாதிரி ஒண்ண அந்தக் கல்லுல வச்சு வச்சுப் பாத்தாரு. கூட கொழும்புக்காரங்க ரெண்டு பேரு. தோட்டத்துப் பெரிய தொர பங்களாவுக்கும் போனாங்களாம்."

அந்தத் துப்பாக்கி சுகிர்தத்துக்குத் தெரியும். கல்லில் அழுத்தினால் எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும் கருவி. ஆனால் மேல் தோலைத்தான் படிக்கும். கறுப்புத் தோலில் வைத்தால் மங்கனீசு மலைபோலக் காட்டும். நேரே ஜூட்சனின் அறைக்குப் போனாள்.

"சேர், கறுப்பு மேலால பூசினதுதான். உள்ள இருக்கிறது சிலிக்கேட். அதுக்குள்ள மாட்டின மங்கனீச உருக்கி எடுக்க முடியாதுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. உடைச்ச பக்கத்துல வச்சுப் பாத்தீங்களா?"

"கம்பெனிக்காரங்களுக்கு ஒரு ஆர்வம். வெட்டிப் பாக்கட்டும். இல்லாட்டிப் போயிடுவாங்க. அதுல நமக்கு என்ன?"

வெட்டிப் பார்த்தார்கள். காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போதே தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு இக்னேசியசிடம் சொல்லிவிட்டாராம், பின்பக்கத்துத் துண்டு தோட்டத்தின் காணி, மரக்கறியை எடுத்துக்கொள் என்று. லீக்ஸ் பாதிதான் முற்றியிருந்தது. இயந்திரம் வந்து மூன்று இடத்தில் ஆளுயரத்துக்கு மேல் பள்ளம் தோண்டியது. ஒரு கிழமையில் மாதிரிகளை மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அறிக்கை வந்தது: மேற்பரப்பில் மெல்லிய மங்கனீசுப் பூச்சு, உள்ளே சிலிக்கேட், தொழிலுக்கு உதவாது. சுகிர்தம் வாயால் சொன்னதைத்தான் இருபத்திரண்டு பக்கத்தில் எழுதியிருந்தார்கள். பள்ளத்தை மூட யாரும் வரவில்லை. கம்பெனியைக் கேட்டால் தோட்டத்தின் பொறுப்பு என்றார்கள். தோட்டத்தைக் கேட்டால் கம்பெனி மூடும் என்று எழுதித் தந்திருக்கிறது என்றார்கள்.

ஒக்டோபர் மழையில் மூன்று பள்ளமும் நிறைந்து, ஓரங்கள் இளகின. மேயப்போன மாடு வழுக்கி விழுந்தது. எட்டுப் பேர் கயிறு கட்டி இழுத்தார்கள். முன்னங்கால் இரண்டும் முறிந்திருந்தன. மூன்றாம் நாள் செத்துப்போனது. அனோஜா மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மழையிலேயே உட்கார்ந்திருந்தாள் என்று பக்கத்து லயத்து ராசம்மாதான் சுகிர்தத்துக்குச் சொன்னாள்.

சுகிர்தம் அடுத்த பஸ்ஸில் போனாள். அண்ணன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. வாசற்படியில் உட்கார்ந்து நனைந்த கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"நீ ஏன் அந்தக் கல்ல எடுத்துக்கிட்டுப் போன?" என்று மட்டும் கேட்டான்.

"என்னன்னு தெரிஞ்சிக்கத்தான் அண்ணே."

"தெரிஞ்சிக்கிட்டியா?"

"தெரிஞ்சிக்கிட்டேன்."

"சரி."

அனோஜா அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

மறுவருடம் மார்ச்சில் ஒரு சர்வதேசச் சஞ்சிகையில் கட்டுரை வந்தது. மத்திய மலைநாட்டிலிருந்து மங்கனீசு கொண்ட பிளோகோபைட்: அதன் இயல்புகளும் வகைப்பாடும். ஜூட்சனின் பெயர் முதலில், ஜேர்மன்காரர் இரண்டாவது, ஜூட்சனின் மாணவன் ஒருவன் மூன்றாவது. சுகிர்தம் இணையத்தில் கண்டு, ஒவ்வொரு வரியாக, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாள். கள ஆய்வின்போது முதல் ஆசிரியர் இந்தப் பாறையை இனங்கண்டார் என்றிருந்தது. வளைத்து விட்டால் நிமிரும் தன்மை, கறுப்புப் பூச்சு, பெரொக்சைட்டில் பொங்குவது, மஞ்சளிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறுவது எல்லாம் இருந்தன. மூன்றாம் படம் அவளுடைய ஸ்லைட். ஓரத்தில் அவள் கையெழுத்தில் இருந்த இலக்கத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். கடைசியில் நன்றி சொல்லியிருந்தார்கள்: தோட்ட நிர்வாகத்துக்கு, ஜேர்மன் ஆய்வுகூடத்துக்கு, "தொழில்நுட்ப உதவியாளர்களுக்கு".

இம்முறை கதவை அவளே சாத்தினாள்.

"சேர், அத நான்தான் கண்டேன்."

ஜூட்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காண்றது வேற, கண்டுபிடிக்கிறது வேற சுகிர்தம். அளந்து, வகைப்படுத்தி, இது இன்னதுன்னு நிறுவணும். அதுதான் விஞ்ஞானம்."

"நானும் வகைப்படுத்தினேன் சேர். மைக்கான்னு சொன்னேன். மங்கனீசு இருக்குன்னு சொன்னேன். கறுப்பு வெறும் தோல்னு சொன்னேன். அது ஒண்ண நீங்க கேட்டிருந்தா எங்க அண்ணன் மாடு செத்திருக்காது."

"நீங்க சொன்ன பேர் பிழை."

"பேர் மட்டும்தான் சேர் பிழை."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு வேறு குரலில், மெதுவாகச் சொன்னார்: "நானும் அந்த மலையிலருந்து வந்தவன்தான். எனக்கு ஒருத்தரும் கை குடுக்கல. ஒவ்வொரு கட்டுரையும் நானாத்தான் போட்டேன். டெக்னீஷியன் பேர ஆசிரியர் வரிசையில போட்டா மேல இருக்கிறவங்க என்னைத்தான் கேப்பாங்க. டிசம்பர்ல ஒங்க ஒப்பந்தத்துக்கு நான்தான் கையெழுத்துப் போடணும். தேவையில்லாததப் பேசி அதக் கெடுத்துக்காதீங்க."

வெளியே அடுத்த பாறை காத்திருந்தது. சுகிர்தம் போய் இயந்திரத்தைப் போட்டாள். அன்று தேய்த்த ஸ்லைட்டை வேண்டுமென்றே கெடுத்துவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தாள். விரல் கேட்கவில்லை. வழக்கம்போலச் சுத்தமாகத்தான் வந்தது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஜூனில் வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று அந்த மைக்காவில் பெரிய துண்டு கேட்டு எழுதியது. ஜூட்சன் அவளிடம் வந்தார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நல்லதாக ஒன்று உடைத்துக்கொண்டு வர முடியுமா என்றார்.

"இல்ல சேர். எல்லாத்தையும் மண் மூடிடுச்சு."

பொய்தான். அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவரிடம் சொன்ன ஒரே பொய். ஜூட்சன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு தடவையாவது தான் ஜெயித்ததாக இரண்டு கிழமை நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இக்னேசியஸ் கூப்பிட்டான். மாடு செத்த பிறகு அவனாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. குரலில் பழைய கலகலப்பு கொஞ்சம் திரும்பியிருந்தது.

"தங்கச்சி, நேத்து ஒங்க தொர வந்தாரு. கண்டாக்கு ஐயா என்னையத்தான் கூட அனுப்பினாரு, எடம் தெரிஞ்ச ஆளுன்னு. பள்ளத்துத் தண்ணிய எறைச்சிட்டு, கடப்பாறை போட்டு ஒரு பாறைய அப்பிடியே பேத்துக் குடுத்தேன். ஒரு ஏடுகூட ஒடையல. தொர அசந்துட்டாரு. கொழுந்து மலைக்குப் போகாமலே எனக்கு முழுப்பேரு போட்டாங்க."

தோட்டத்தில் முழுநாள் வேலைக்கு முழுப்பேர் என்றுதான் சொல்வார்கள்.

"நல்ல மனுஷன் தங்கச்சி. நம்ம பாஷையிலேயே பேசினாரு. நம்ம ஊர்க்காரரு மாதிரியே இருந்துச்சு. நான் கேட்டேன், எங்க தங்கச்சி சுகிர்தம் ஒங்ககிட்டதான் வேல செய்யுது, தெரியுமான்னு."

"என்ன சொன்னாரு?"

"அங்க நெறய பேரு வேல செய்றாங்க, எல்லாரையும் நெனவு வச்சிக்க முடியாதுன்னாரு. பெரிய எடந்தானே, அப்பிடித்தான் இருக்கும்," என்றான் இக்னேசியஸ்.