பி பிளாக்கில் அழுதது யார்?

"மாலா, நான் உன்னை அடிக்கிறேனா?"

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், வேலை முடிந்து வந்த என் கணவர் சைக்கிளைக்கூடப் பூட்டாமல் வாசலில் நின்றபடி கேட்ட கேள்வி இது. கையில் டிபன் கேரியர். முகத்தில் விளையாட்டு இல்லை.

நான் பயந்துவிட்டேன். நான் பயப்பட அதிகக் காரணம் தேவையில்லை என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். குழந்தை தும்மினால் சளி பிடித்துவிட்டதோ, தும்மாவிட்டால் மூக்கடைப்போ... அந்த ரகம் நான்.

"என்னங்க இது? யார் சொன்னா?"

"கேன்டீன்ல. எங்க ஃபாக்டரி ஷாப் சீனியர் ஒருத்தர் தோள்ல கையைப் போட்டு, 'தம்பி, பொண்டாட்டியை அழ வச்சா வீடு வெளங்காதுப்பா. எதுன்னாலும் பேசித் தீர்த்துக்க'ன்னு அட்வைஸ் பண்றார். சுத்தி இருந்த நாலு பேரும் தலையை ஆட்டறாங்க. டீயை அப்படியே வச்சுட்டு வந்துட்டேன்."

என் கணவர் பல்லியை விரட்டுவதாக இருந்தால்கூட, "போயிடும்மா..." என்று கெஞ்சுகிற மனிதர். அவரா அடிப்பார்?

யார் கிளப்பிவிட்டது இதை? ஏன்? அன்று ராத்திரி சாதத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தேன். சட்டென்று உறைத்தது... ஐயையோ, கிடார்!

சொல்கிறேன்.

கல்லூரியில் படிக்கும்போது நான் ஹவாயன் கிடார் வாசிப்பேன். மற்ற கிடார் மாதிரி தோளில் மாட்டி நின்று வாசிப்பதில்லை. மடியில் படுக்க வைத்து, இடது கையில் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்து, கம்பிகள் மேல் அதை வழுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குத் தாவாமல், தண்ணீர் மாதிரி வழிந்து போகும். அம்பத்தூரில் இருந்த என் அப்பா இதற்குச் சம்மதித்ததற்கு ஒரே காரணம் அந்த மடிதான். "உட்கார்ந்து வாசிக்கறது... வீணை மாதிரிதானே? பரவாயில்லை." நின்று வாசிக்கிற கிடாராக இருந்திருந்தால் என் கதை அன்றே முடிந்திருக்கும்.

பிறகு கல்யாணம், ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் பி பிளாக் வீடு, நித்யா. கிடார் பெட்டிக்குள் போய், பெட்டி பரணுக்குப் போனது. மடி ஒன்றுதானே இருக்கிறது? அதில் ரெண்டு வயசுக் குழந்தையை வைப்பதா, கிடாரை வைப்பதா?

மழைக்காலத்துக்கு முன்னால் நித்யாவின் ஸ்வெட்டரைத் தேடிப் பரண் ஏறியபோதுதான் பெட்டி மறுபடி கண்ணில் பட்டது. கம்பிகள் துருவேறிக் கிடந்தன. கணவரே மவுண்ட் ரோடு போய்ப் புதுக் கம்பி வாங்கி வந்தார். பழைய ரேடியோ ஒன்றில் ஒயரைச் செருகிச் சத்தமும் வரவழைத்துக் கொடுத்தார்.

மதியம் நித்யா தூங்கும்போது வாசிப்பேன். சத்தத்தைக் குறைத்து, ஜன்னலைச் சாத்தி. அப்படியும் மனசு அடித்துக்கொள்ளும். குழந்தை எழுந்துவிடுமோ? தூக்கத்தில் பயந்துவிடுமோ? இந்த நேரத்தில் துணி மடித்திருக்கலாமோ? நல்ல அம்மாக்கள் எல்லாம் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்கள்?

ஆனால் விரல்கள் மறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு வாரம் தடுமாறின. அப்புறம் நான் போகச் சொன்ன இடத்துக்குப் போயின. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு காரியத்தை யாரிடமும் கேட்காமல் சரியாகச் செய்தேன்.

அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. குவார்ட்டர்ஸே என்னிடம் திடீரென்று அன்பைப் பொழிந்தது. பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா - நெல்லைக்காரர் - கிண்ணம் கிண்ணமாகத் தேங்காய்ப்பால் சொதி கொடுத்தனுப்பினார். ரேஷன் கடை க்யூவில், "கைக்குழந்தைக்காரி, முன்னால போம்மா" என்று வழிவிட்டார்கள். நித்யா அப்போது கையில் இல்லை! முத்தாபுதுப்பேட்டையிலிருந்து கீரைக்கூடையோடு வரும் கோவிந்தம்மா, கட்டோடு ஒரு கைப்பிடி கொத்தமல்லியைச் சும்மாவே போட்டு, "தைரியமா இரும்மா... கடவுள் கீறாரு" என்றார்.

கொத்தமல்லிக்கு எதற்குக் கடவுள் என்று நான் யோசிக்கவே இல்லை. நல்ல மனிதர்கள் நடுவில் வாழ்கிறோம் என்று சந்தோஷப்பட்டேன்.

அத்தனையும் அனுதாபம்!

மறுநாள் காலை பேச்சியக்காவை வீட்டுக்குள் அழைத்து உட்கார வைத்துக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, எங்கிட்ட மறைக்காத. மத்தியானம் ஆனா நீ கேவிக் கேவி அழுதது என் செவரு வழியா கேட்டுதுல்லா? ஒரே இழுப்பா இழுத்து... நடுவுல விக்கல் வேற. நான் தாங்கமாட்டாம கோவிந்தம்மாட்ட சொல்லி அழுதேன். அவளும் வந்து செவத்துல காத வச்சுக் கேட்டா."

கோவிந்தம்மாவிடம் சொன்னால் போதாதா? கூடை போகிற ஒவ்வொரு பிளாக்குக்கும் செய்தியும் போகும்.

கிடாரை எடுத்து மடியில் வைத்து, இரும்பைக் கம்பியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன்.

பேச்சியக்கா பட்டென்று எழுந்துவிட்டார். "இதேதாம்ட்டி! இதே அழுகதான்!"

"அக்கா, இது கிடார்."

"அப்ப அந்த விக்கலு?"

"விக்கல் இல்லைக்கா... கமகம்!"

அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் போகும்போது ஒரு குண்டையும் போட்டுவிட்டுப் போனார். "நான் நம்புதேன். ஊரு நம்பணும்லா? கிடார வாங்கிக் குடுத்து வாய அடைச்சிட்டான்னு சொல்லும், பாத்துக்கிடு."

சாயங்காலம் கணவரிடம் முடிவாகச் சொன்னேன். "நிறுத்திடறேங்க. உங்க பேருக்கு மேலயா எனக்குக் கிடார்?"

அவர் நிதானமாகச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நீ நிறுத்தினா என்ன சொல்வாங்க தெரியுமா? நான் மிரட்டி அழுகையை நிறுத்திட்டேன்னு சொல்வாங்க."

அதுவும் சரிதான்.

வாசித்தாலும் அவர் பேர் கெடும். நிறுத்தினாலும் கெடும். ஒரே வழி... எல்லோர் கண் முன்னாலும் வாசிப்பது. குவார்ட்டர்ஸ் மைதானத்தில் பூஜைக்குப் பந்தல் போட்டுக் குழந்தைகள் டான்ஸ், கோலாட்டம் எல்லாம் வருஷா வருஷம் நடக்கும். பேச்சியக்கா என்னைக் கேட்காமலேயே விழாக் கமிட்டியில் என் பேரைக் கொடுத்துவிட்டார்.

எனக்கு ஜுரம் வராத குறை. மேடையில் தப்பாக வாசித்தால்? நித்யா நடுவில் அழுதால்? தப்பித்துக்கொள்ள வழி தேடினேன். கிடைத்தது!

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களோடு கிடாரையும் அடுக்கி, சந்தனம் குங்குமம் இட்டு, பூவும் சாத்தி வைத்துவிட்டேன். பூஜையில் வைத்ததைத் தொடக் கூடாது. பள்ளிக்கூடக் காலத்தில் கணக்குப் புத்தகத்தை முதல் ஆளாகக் கொண்டுபோய் வைத்தவள் நான். பழக்கம் கைகொடுத்தது.

பேச்சியக்கா சுண்டல் வாங்க வந்தபோது முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு சொன்னேன். "பூஜையில வச்சாச்சுக்கா. இனிமே எடுக்க முடியாதே..."

அவர் சுண்டலை மென்றபடி கிடாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நிகழ்ச்சி நாளைக்குல்லா? நாளைக்கு என்ன நாளு? விசயதசமி! வச்சத எடுத்து வாசிச்சாத்தாம்ட்டி பூசைக்கே பலன். வாசிக்காம விட்டா சரசுவதி கோவிச்சுக்கிடுவா."

மாட்டிக்கொண்டேன். சாமியைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் சாமி எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்கிறது!

விஜயதசமி மாலை, மைதானத்தில் கூட்டம். முன் வரிசையில் நித்யா, பேச்சியக்காவின் பக்கத்தில். கொஞ்சம் தள்ளி, அட்வைஸ் செய்த அந்த சீனியர் குடும்பத்தோடு. ஓரத்தில் காலிக் கூடையோடு கோவிந்தம்மா. கடைசியில் தூணோடு தூணாக என் கணவர். எல்லோரும் மேடையைப் பார்த்ததைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

நான் உட்கார்ந்து கிடாரை மடியில் கிடத்தினேன். இரும்பைக் கையில் எடுத்ததும் கோவிந்தம்மாவின் குரல் கணீரென்று வந்தது. "இன்னாம்மா, இஸ்திரி போடப் போறியா?"

பந்தலே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பயம் அங்கேயே பாதி போயிற்று.

நல்ல துள்ளலான சினிமாப் பாட்டாகத் தேர்ந்தெடுத்திருந்தேன். சந்தோஷமான பெண் சந்தோஷமான பாட்டை வாசித்தால் ஊர் வாயை மூடாதா? பிசிறில்லாமல் வாசித்தேன். கைதட்டினார்கள். பையன்கள் விசில் அடித்தார்கள்.

கைதட்டல் அடங்கியதும் கோவிந்தம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது - அவர் ரகசியம் பேசினாலே மைதானத்துக்குக் கேட்கும் - மேடை வரைக்கும் வந்தது.

"நல்லாத்தான் கீது. ஆனா நான் கேட்டுகினு இருந்தது இது இல்ல. அது வேற... அது அழுவுற சத்தம்."

முன் வரிசையில் நாலைந்து தலைகள் ஆமோதித்து ஆடின. சீனியர் திரும்பித் தூணைப் பார்த்தார். என் கணவர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் அப்படித் தலை குனிந்ததைப் பார்த்ததும் என் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. கோபம் வந்தது. என்ன வாசிப்பது, சரியாக வருமா, தப்பாகிவிடுமா... எதுவும் தோன்றவில்லை. மைக்கை இழுத்தேன்.

"இப்ப வாசிக்கப்போறது பாட்டு இல்லை. மதியம் மதியம் நான் செய்யற சாதகம். நல்லாக் கேளுங்க."

கீழ் சுரத்தில் இரும்பை வைத்து, மெல்ல மெல்ல மேலே வழுக்கிக்கொண்டு போனேன். மேல் சுரத்தில் நிறுத்தி, பேச்சியக்காவின் 'விக்கலை' நன்றாக ஆட்டிக் காட்டி, அப்படியே கீழே இறங்கினேன். மறுபடி ஏறினேன். மைக் செட் புண்ணியத்தில் மைதானமே கேவியது.

"அட... இதே கொரலுதாம்மா!" கோவிந்தம்மா எழுந்து நின்றுவிட்டார். "இந்த இஸ்திரிப் பொட்டியா அழுதுச்சு? நான் பாவம் அந்த மனுசனைப் போய்..."

சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. தூண் வரைக்கும் போய், என் கணவரையும் நிமிர்த்தியது.

அந்தச் சிரிப்பில் நித்யாவைத் தேடினேன். இத்தனை சத்தத்தில் மிரண்டு அழுதுகொண்டிருப்பாளே?

பேச்சியக்காவின் மடியில், வாயைத் திறந்துகொண்டு, தூங்கிப்போயிருந்தாள்!

அக்கா குழந்தையைச் சுட்டிக்காட்டிச் சத்தமாகச் சொன்னார். "பாருங்கம்மா, நமக்கெல்லாம் ஒப்பாரி. இவளுக்குத் தாலாட்டு!"

மேடையில் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இப்போது போய் அழுதால் யார் நம்புவார்கள்? தினமும் மதியம் குழந்தையின் தூக்கத்தைத் திருடுகிறேனோ என்று தவித்துக்கொண்டு நான் வாசித்திருக்கிறேன். அதைக் கேட்டுக்கொண்டு அவள் தூங்கியிருக்கிறாள். மடி இல்லாவிட்டால் என்ன, அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்று அந்தச் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டிருக்கிறாள்.

கீழே இறங்கி வந்தபோது சீனியர் என் கணவரின் தோளில் மறுபடி கையைப் போட்டிருந்தார். "தப்பா நெனைச்சுட்டேன் தம்பி. ஆனா நான் சொன்ன அட்வைஸ் பொதுவா நல்லதுதான்... மனசுல வச்சுக்க." அட்வைஸைத் திருப்பி வாங்கிக்கொள்கிற ஆளை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

யோசித்துப் பார்த்தால், பி பிளாக் மேல் எனக்குக் கோபமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அழுகிறாள் என்று நினைத்த நிமிஷமே சொதியும் கொத்தமல்லியும் வந்துவிட்டன. ரேஷன் க்யூ வழிவிட்டது. ஒரு ஆண்பிள்ளையைத் தனியாக அழைத்துக் கண்டிக்கக் கேன்டீனில் ஒருவர் இருந்தார். ஆளைத் தப்பாகப் பிடித்தார்கள். அது வேறு விஷயம். காதைப் பொத்திக்கொள்ளவில்லையே?

இப்போது மதியம் ஜன்னலைத் திறந்து வைத்தே வாசிக்கிறேன். சத்தத்தையும் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன்.

நேற்று நித்யாவுக்கு உடம்பு சுடுகிற மாதிரி தெரிந்தது. (மாதிரிதான். சுடவில்லை.) அதனால் கிடாரை எடுக்கவில்லை. மூன்று மணிக்குக் கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால், தலையில் கூடையோடு, கவலை நிறைந்த முகத்தோடு கோவிந்தம்மா.

"இன்னாம்மா... இன்னிக்கு அழுவல?"