அழகன் கைவிட்ட ஈயம்

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பழைய பெட்டரியைச் சரிசெய்ய அழகனை விட்டால் ஆள் கிடையாது. கொழும்பில் பெட்டரிக் கடையில் வேலை பார்த்தவன், கல்யாணத்துக்குப் பிறகு தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கே திரும்பிவிட்டான். முச்சக்கர வண்டிக்காரர்கள் கொண்டுவரும் பெட்டரிகளை வீட்டுக்குப் பின்னால் உடைத்து, ஈயத்தை உருக்கிப் புதுத் தகடாக வார்ப்பான். அதே சட்டையோடு வந்து மகள் பூரணியைத் தூக்கிக் கொஞ்சுவான்.

மூன்று வயதுப் பூரணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பேச்சும் குறைந்தது. "அவ அப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று சொந்தக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ராசம்மாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

"அழகன் தம்பி, முன்னெல்லாம் தண்ணி, பாலுன்னு கேட்ட புள்ள இப்ப அதையும் கேக்க மாட்டேங்குது. வாங்க, ஆஸ்பத்திரியில காட்டிருவோம்."

அழகனையும் மனைவி ஜெயந்தினியையும் அவளே பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள்.

யாழ்ப்பாணத்துக்காரரான டாக்டர் சிவகௌரி, அழகனின் தொழிலைக் கேட்டதும் குழந்தையின் இரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"பிள்ளையின்ர இரத்தத்தில ஈயம் கூடியிருக்கு. உங்கட உடுப்பிலயும் மண்ணிலயும் இருக்கிற தூசி வாய்க்குள்ள போயிருக்கு. அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்."

"நானே என் புள்ளைக்கு ஊட்டிட்டேனா டாக்டர்?"

"தெரிஞ்சு செய்யேல்லைத்தானே. இனிமேல் போகாமல் பார்த்தால் தேறி வருவா. பக்கத்து வீட்டுப் பிள்ளையளையும் கூட்டி வாங்கோ."

அன்றோடு அழகன் ஈயத்தைத் தொடவில்லை. ஆனால் லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் நின்று இதைச் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. "எங்க புள்ளயும் அந்த மண்ணுலதானே வெளையாடுது!" என்று அடுத்த வீட்டு நிரூபா கத்தி அழுதாள். பரிசோதித்தபோது அவளுடைய மகனுக்கும் கொஞ்சம் ஈயம் ஏறியிருந்தது. இனி இங்கே இருக்க விடமாட்டார்கள் என்றே அழகன் நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆண்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். டாக்டர் தகவல் கொடுத்து வந்த சுகாதார அதிகாரி சொன்னபடி பிள்ளைகளைத் தூரமாக அனுப்பி, மண்ணை நனைத்து வெட்டி மூட்டை கட்டினார்கள். அதை ஏற்றிப்போக அதிகாரி வண்டி அனுப்பினார். பிறகு அந்த இடத்துக்குச் சிமெந்து போட்டார்கள். நிரூபா தேயிலை போட்டு எல்லாருக்கும் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அழகனுக்கும் ஒரு கோப்பை நீட்டினாள். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

இப்போது அழகன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். நிரூபாவின் மகன் தேறிவிட்டான். பூரணி பள்ளிக்கூடம் போகிறாள். எழுத்து மெதுவாகத்தான் வருகிறது, பேச்சுப் பயிற்சிக்கும் போகிறாள்.

"ராசம்மாக்கா நமக்கென்னன்னு இருந்திருந்தா எம்புள்ள என்ன ஆயிருக்கும்? லயத்து ஆளுங்க எங்கள ஒதுக்கியிருந்தா எங்க போயிருப்போம்?" என்று அழகன் இன்றும் சொல்வான்.

போன வாரம் வேலை முடிந்து வந்தவனை மறித்து, தன் செருப்பை ஆடு கடித்த கதையைத் திக்கித் திக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள் பூரணி. ஜெயந்தினி சாப்பிடக் கூப்பிட்டாள்.

"இருடி, ஆடு இன்னும் செருப்ப விடல" என்றான் அழகன்.