வயரின் மறுமுனை

வயர் தானாக நழுவியிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். நான் இயற்பியல் படித்தவள். நழுவுவதற்கும் இழுக்கப்படுவதற்கும் உள்ள வித்தியாசம் என் விரல்களுக்குத் தெரியும். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. திண்டிவனத்தில் என் கணவர் புகழேந்தியின் வீடு. அவருக்கு விழுப்புரத்தில் வேலை. விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் போனிலேயே இயக்க ஸ்மார்ட் சுவிட்சுகள் வாங்கியிருந்தார். அவற்றுக்கு நியூட்ரல் வயர் வேண்டும். எங்கள் சுவிட்ச் பெட்டிகளில் அது இல்லை. சுவருக்குள் ஓடும் பைப் வழியாகப் புதிதாக இழுக்க வேண்டும். ஒரு முனையில் ஒருவர் இழுக்க, மறுமுனையில் இன்னொருவர் சிக்காமல் விட வேண்டும்.

எலக்ட்ரீஷியன் மாரியப்பன் அண்ணன் தனியாகத்தான் வந்தார். கணவருக்குப் போன் செய்தேன்.

"எனக்கு லீவு இல்ல வேணி. நீயே நின்னு விடு. வேற யாரையும் கூப்பிடாத."

புது ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது. சரி என்று மட்டும் சொன்னேன்.

மாரியப்பன் அண்ணன் மெயினை அணைத்தார். ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"இது எங்கிட்ட இருக்கற வரைக்கும் எவனும் கரண்டு குடுக்க முடியாது. ஏம்மா, கைய நீட்டி சுவிச்சு போடறது சாருக்கு அவ்ளோ பேஜாரா?"

சிரித்துவிட்டேன்.

வெளிப்படி வழியாக மாடி அறைக்குப் போனார். நான் கீழே ஹாலில், சுவிட்ச் பெட்டி முன் நின்றேன். "விட்டுக்கினே வாம்மா!" என்று மேலிருந்து குரல் கொடுத்தார். விட்டேன். கறுப்பு வயர் சுவருக்குள் போய்க்கொண்டே இருந்தது. பாதியில் சிக்கியது. அவர் இரண்டு முறை வெட்டி இழுத்தார். பிறகு சத்தமில்லை.

மழை பிடித்தது. ஹால் இருண்டது.

சிறிது நேரத்தில் வயர் மறுபடி நகர்ந்தது. முன்பு போல வெட்டி இழுக்கவில்லை. மெதுவாக... ஒரே சீராக.

"மெயினு ஆஃபுதானே?"

மேலிருந்துதான் வந்தது. மழையில் குரல் வேறு மாதிரி, இளசாகக் கேட்டது.

"ஆஃபுதாங்க," என்றேன்.

கட்டைகள் அவர் பாக்கெட்டில்தானே இருக்கின்றன? ஏன் என்னிடம் கேட்கிறார்?

"நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேன்."

வயர் நின்றது.

"இன்வெர்ட்டரு?"

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டரே இல்லை.

வாசல் கேட் கிறீச்சிட்டது. திரும்பினேன். மாரியப்பன் அண்ணன். தொப்பலாக நனைந்திருந்தார். கையில் முகப்பவுடர் டப்பா.

"பைப்புல சிக்கிக்கினுச்சும்மா. வயர்ல பவுடர் தடவுனா வழுக்கிக்கினு வரும். கடைக்குப் போனேன், மழ புடிச்சிக்கிச்சு."

என் கையில் வயர் நகர்ந்தது.

அவரும் பார்த்தார்.

சர்... சர்... சர்...

விட்டுவிட்டேன். அது போய்க்கொண்டே இருந்தது.

பிறகு நின்றது.

மாடிக்கு ஓடினோம். அறைக் கதவில் வெளித்தாழ்ப்பாள். மழை அடிக்கும் என்று அவர்தான் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

உள்ளே யாருமில்லை.

பெட்டியிலிருந்து வயர் வெளியே வந்திருந்தது. நுனியை மடித்து, டேப் சுற்றி, டேப்பின் முனையைச் சின்ன முக்கோணமாக மடித்து விட்டிருந்தது.

மாரியப்பன் அண்ணன் அதைத் தொடவில்லை.

"தென்னரசு கட்டு இது..."

"யாருங்க?"

"ஓமந்தூர் பையன். எங்கூட தொழில் கத்துக்கினவன். ரெண்டு வருசம் முன்னாடி ஏதோ ஒரு வீட்டுல வயர் இழுக்கசொல்ல ஷாக் அடிச்சி செத்துட்டான். இன்வெர்ட்டர ஆஃப் பண்ணாம அவனே கைய வச்சிட்டான்னு சொன்னாங்க." சுவரின் கீழ்ப்பக்கம் பார்த்தார். இன்வெர்ட்டர் மாட்டிக் கழற்றிய மாதிரி நான்கு ஆணித் துளைகள். "இந்த வீடுன்னு தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேம்மா."

கணவருக்குப் போன் செய்தேன். மேலேயிருந்து யாரோ வயர் இழுத்தார்கள், மெயின் ஆஃபா என்று கேட்டார்கள் என்றேன்.



"உங்கிட்டயும் கேட்டானா?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"நீ என்ன சொன்ன?"

"ஆஃபுன்னு சொன்னேன்."

அவர் மூச்சு விட்டது கேட்டது. பயந்தவரின் மூச்சு இல்லை. தலைச்சுமையை இறக்கி வைத்தவர் விடும் மூச்சு.

"அன்னிக்கு கீழ நின்னது நீங்களா?"

"கம்ப்யூட்டர்ல வேல இருந்திச்சு வேணி. இன்வெர்ட்டர ஆஃப் பண்ணா நின்னுடும். ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சி, ஆஃபுன்னு சொல்லிட்டேன். அதுலருந்து அந்த ஹால்ல நான் எப்ப நின்னாலும் கேக்கறான். என்னால வாயத் தொறக்க முடியல. வீட்டாளு ஒருத்தர் பதில் சொல்லிட்டா போயிடுவான்னு..."

போனை வைத்துவிட்டேன்.

அன்று மாலையே காணை கிராமத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் இரண்டு முறை வந்து வாசலோடு திரும்பிப் போனார். இப்போது அந்த ஹாலில் நிம்மதியாக உட்கார முடிகிறதாம். எந்தக் குரலும் கேட்பதில்லையாம்.

எனக்கு ஒன்று மட்டும் புரியாமலிருந்தது. எத்தனையோ வரன்களைத் தள்ளிவிட்டு, வாயே திறக்காத என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்? அம்மாவிடம் கேட்டேன்.



"பொண்ணு பாக்க வந்தப்ப நகை நட்டுன்னு எதுவும் கேக்கலடி. உங்கப்பாவ தனியா கூப்ட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. 'ரொம்ப கூச்சப்படுதே, தெரியாதவங்க ஏதாவது கேட்டா பதில் சொல்லுமா?'ன்னு. 'கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிடும்'னு உங்கப்பா சொன்னப்புறம்தான் சரின்னாரு. எம்மாம் அக்கறன்னு நாங்க பூரிச்சிப் போயிட்டோம்."